பந்தயச் சைக்கிளும் பாகத் தெரிவும்

(நமது வாலிபர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்துருவம்)

இம்மாதக் கூட்டத்தில் நான் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் கேட்டபோது, “கல்வியின் நோக்கம்” என்னும் பொருள்பற்றிப் பேசலாமென்று சொன்னேன். “அதை நாங்கள் நாலு தரம் கேட்டுவிட்டோம் தம்பி, உமக்குக் கையால் தெரிந்த ஒன்றைப் பேசும்” என்றார். கையால் எனக்குத் தெரிந்தது சைக்கிள் ஒன்றுதான். நான் படித்தது ஒரு மிஷன் பாடசாலை. சனிக்கிழமைகளில் விடுதியின் பின்புறத்தில் கிடந்த பழைய சைக்கிள்களைக் கழற்றிப் பூட்டுவதற்கு அங்கிருந்த சுவாமியார் ஒருவர் எங்களை அனுமதித்தார். கழற்றிய ஆணியைக் கழற்றிய ஒழுங்கிலே கடதாசியில் பரப்பிவை என்பதே அவர் சொன்ன முதற் பாடம். அதற்குப் பின் சர்வகலாசாலையில் எத்தனையோ பாடங்கள் கேட்டுவிட்டேன். அதைப்போல நாள்தோறும் உதவியது வேறொன்றில்லை.

ஓட்டத்தளப் பந்தயத்துக்குரிய சைக்கிளைப்பற்றியே இன்று சொல்லப்போகிறேன். அது துறவுபூண்ட சைக்கிள். பிறேக் இல்லை, கியர் இல்லை, மட்காட், கரியர், மணி, விளக்கு ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பிறீவீல் இல்லை. பின்சில்லு சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டேயிருக்கும். காலை நிறுத்திக்கொண்டு சும்மா உருண்டுபோக முடியாது. வேகத்தைக் குறைக்கவேண்டுமானால் காலாலேயே பெடலை எதிர்த்து அழுத்தவேண்டும். எல்லாரும் ஒரே விதமாக இப்படி ஓடுவதனால், முன்னாலே போகிறவன் திடீரென்று பிறேக் பிடித்துவிடுவானோ என்ற பயம் பின்னால் வருகிறவனுக்கு இல்லை. பிறேக் இல்லாமையே அங்கே ஒரு பாதுகாப்பாகிறது. ஆனால் இது தளத்துக்குள்ளே மாத்திரம் செல்லும் நியாயம் என்பதை மறக்கக்கூடாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பெரிய தேசங்களில் இதற்கென்றே தளங்கள் உண்டு. 2010 ஆம் ஆண்டின் பொதுநலவாய விளையாட்டு விழாவுக்காகப் புதுடில்லியில் அமைத்த இந்திரா காந்தி சைக்கிள் தளம் 250 மீற்றர் சுற்றளவு கொண்டது, மரப்பலகை வேய்ந்தது. இவ்வகைத் தளங்களின் வளைவுகள் நாற்பது பாகைக்கும் மேலே சரிந்து நிற்கும். நமக்கோ தளமென்றால் பாடசாலை மைதானந்தான். புற்றரையிலே சுண்ணாம்புக் கோடு, 400 மீற்றர், சித்திரை வெயிலில் புல் தேய்ந்து மண் தெரியும், மார்கழியில் சேறு தெரியும். இங்கிலாந்திலும் புற்றரைச் சைக்கிள் ஓட்டம் நெடுங்காலமாக நடந்துவருகிறது என்பதை வாசித்தபோது எனக்கு ஒரு திருப்தி உண்டாயிற்று. நாம் செய்வது இல்லாதவனின் ஏற்பாடன்று. அதுவும் ஒரு முறையே.

வன்னியிலே சைக்கிளைப்பற்றிப் பேசுகிறவன் விளையாட்டாக மாத்திரம் பேசிவிட முடியாது. எரிபொருள் கிடைக்காத தொண்ணூறுகளில் நெல்மூட்டையும் விறகும் நோயாளியும் கர்ப்பிணியும் சைக்கிளிலேதான் போனார்கள் என்று இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் எனக்குச் சொல்லவேண்டுமேயல்லாமல் நான் அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2009 ஆம் ஆண்டின் பின்னர் முள்ளிவாய்க்காற் பக்கத்தில் துருப்பிடித்துக் குவிந்துகிடந்த சைக்கிள்களைப் படத்திலே பார்த்தவர்கள் உண்டு. நேரிலே பார்த்தவர்களும் இச்சபையில் உண்டு. எங்கள் வீட்டுச் சைக்கிள் ஒன்றும் அங்கேதான் நின்றுபோயிற்று. அதன் பாரில் கட்டிய சிறு ஆசனத்தில் நான் இருந்து வந்தேனாம். எனக்கு அப்போது ஆறு வயது. 2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது, மூலையிற் கிடந்த சைக்கிள்களையெல்லாம் ஊர் மறுபடியும் தூசுதட்டி எடுத்தது. நானும் அப்போதுதான் எடுத்தேன்.

நான் எடுத்தது அப்பப்பாவின் றலி. வவுனியாவில் மாமா வீட்டுச் சாய்ப்பில் தொங்கியதனால் தப்பியது. அதைப் பந்தயச் சைக்கிளாக மாற்றவேண்டுமென்று எனக்கு ஓர் ஆசை உண்டாயிற்று. இந்த ஆசையிலே நான் செய்த பெரிய பிழையை முதலிற் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இப்பேச்சுக்குக் காரணமே அதுதான்.

பிறீவீல் இல்லாத சைக்கிள் வேண்டுமானால், பின் ஹப்பிலே நிலையான பற்சில்லு பூட்டவேண்டும். நமது கடைகளில் அதற்குரிய ஹப் கிடையாது. ஆகவே பலர் இரண்டு குறுக்குவழிகளைக் கையாளுகிறார்கள். ஒன்று, பிறீவீலை வெல்டிங் செய்து இறுக்கிவிடுவது. மற்றது, பிறீவீல் இருந்த மரையிலேயே நிலையான பற்சில்லைப் பூட்டி, அதற்குமேல் அடிப்பகுதிக் கப்புக்குரிய லொக் றிங் ஒன்றை இறுக்குவது. இரண்டின் மரையும் ஒரே அளவாக அமைவதனால், அதாவது 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை என்பதனால், றிங் அழகாக ஏறிவிடும். நான் இரண்டாவது வழியைத் தெரிந்தேன். கடைக்காரர் “இது பிடிக்குமோ தெரியாது தம்பி” என்றுதான் சொன்னார். நான் இரண்டு சாவி போட்டு, உடம்பின் பாரமெல்லாம் கொடுத்து இறுக்கினேன்.

அதன் குற்றம் எங்கே என்று பாருங்கள். ஹப்பின் வலப்பக்க மரை வலஞ்சுழியானது. முன்னோக்கி மிதிக்குந்தோறும் பற்சில்லு இன்னுமின்னும் இறுகும். ஆனால் வேகத்தைக் குறைக்கக் காலால் எதிர்க்கும்போது, அதே பற்சில்லு இடப்பக்கமாகத் திருகி அவிழப் பார்க்கிறது. லொக் றிங்கும் அதே வலஞ்சுழி மரையில் இருப்பதனால் அதுவும் சேர்ந்தே அவிழும். கள்ளனுக்குக் காவலாகக் கள்ளனின் தம்பியை வைத்ததுபோலாயிற்று. உண்மையான ஓட்டத்தள ஹப்பில் மரை இரண்டு படியாக வெட்டப்பட்டிருக்கும். உட்படி பற்சில்லுக்கு; அது வலஞ்சுழி. வெளிப்படி லொக் றிங்குக்கு. அது சற்றுச் சிறியது, இடஞ்சுழி. பற்சில்லு அவிழ முயன்றால் தன்னோடு உராயும் றிங்கையும் அதே திசையில் தள்ளும். அத்திசை றிங்குக்கு இறுகும் திசை. அவிழ்க்க முயலுகிற பலமே பூட்டுகிற பலமாகிறது. இவ்வளவு எளிய யுக்தியை யோசித்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

என்னுடைய றிங் மூன்று கிழமை தாங்கியது. அதுதான் மோசம், முதல்நாளே அவிழ்ந்திருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். கோயில் திருவிழா விளையாட்டுப் போட்டிக்காகத் தம்பி அதிலே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதினாறு வயது. சுற்று முடிந்து, மைதானத்தின் ஓரத்தில் வேலி வருவதைக் கண்டு காலால் எதிர்த்தபோது பற்சில்லு அரைச் சுற்று அவிழ்ந்து வெளியே நகர்ந்தது. செயின் கோணலாகி எகிறி, பற்சில்லுக்கும் கம்பிகளுக்கும் இடையில் விழுந்தது. பின்சில்லு பூட்டிக்கொண்டது. முன் பிறேக்கையோ “பாரம் குறையட்டும்” என்று நானே கழற்றி வைத்திருந்தேன். காறை எலும்பு முறிந்தது. ஆறு கிழமை கையைத் தூக்குப்பட்டியில் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போனான். அப்பா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. நான் கழற்றிப் பெட்டியில் போட்ட பிறேக்கை எடுத்துவந்து, மசகு துடைத்து, மேசையிலே என் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஆகவே, பணம் ஒரு பாகத்துக்குத்தான் போதுமென்றால் அந்தப் பணம் பின் ஹப்புக்குப் போகட்டும். மற்றவற்றில் எதையும் ஊரிலே தேடலாம். ஹப்பும் லொக் றிங்கும் பற்சில்லும் ஒரே மரைமுறையைச் சேர்ந்தவையாக வாங்கப்படல் வேண்டும். இத்தாலிய றிங்கும் ஆங்கில றிங்கும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும். பூட்டினால் மரையைத் தின்றுவிடும். நான் கொழும்பிலிருந்த நண்பர் மூலமாக ஒன்றைத் தருவித்தேன். அதன் ஒருபக்கம் நிலையான பற்சில்லுக்கு, மறுபக்கம் பிறீவீலுக்கு என்று அமைந்தது. சில்லைக் கழற்றித் திருப்பிப் போட்டால் போட்டிச் சைக்கிள் வீட்டுச் சைக்கிளாகிவிடும். வன்னிக்கு இதைவிடப் பொருத்தமான ஹப் வேறில்லையென்பது என் அபிப்பிராயம். ஒரே சைக்கிளிலே சந்தைக்கும் போகவேண்டும், சுற்றும் ஓடவேண்டும்.

இனிப் பிறேம். பழைய றலியைச் சோதித்தபோது அப்பப்பாவின் காலத்துத் தொழிலாளரை மெச்சினேன். அவர்களைக் கொஞ்சம் ஏசவும் செய்தேன். றலிக் கொம்பனி தனக்கென்று ஒரு மரை வைத்திருந்தது. மற்றச் சைக்கிள்களின் அடிப்பகுதிக் கப் அங்குலத்துக்கு 24 மரையாக இருக்க, நொட்டிங்காமில் செய்த அந்த றலிகளில் 26. கடையிலே “எல்லாச் சைக்கிளுக்கும் போகும்” என்று தரும் கப் அதில் இரண்டு சுற்று ஏறி நின்றுவிடும். சாவி நீளமானால் மூன்றாஞ் சுற்றும் ஏறும், பிறேம் கெடும். ஆகவே பழைய றலி வைத்திருப்பவர்கள் அதன் சொந்தக் கப்பையும் அச்சையும் எறியக்கூடாது. கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கால் அங்குலப் போல்ஸ் பக்கத்துக்குப் 11 புதிதாகப் போட்டு, நல்ல கிறீஸ் வைத்துப் பூட்டினாற் போதும். என்னுடையது இன்று பட்டுப்போலச் சுழலுகிறது. போல்ஸ் மலிவு; அதிலே கஞ்சத்தனம் பண்ணிப் பழையதையும் புதியதையும் கலக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அளவில் மயிரிழை வித்தியாசமிருந்தாலும் பாரமெல்லாம் பெரிய குண்டுகளிலேயே நிற்கும்.

அடுத்தது பின்கவட்டின் அகலம். ஓட்டத்தள ஹப்புக்கு 120 மி.மீ. வேண்டும். என் பிறேமை அளந்தேன், 112 இருந்தது. உருக்குப் பிறேமாதலால் மெல்ல விரிக்கலாம். அலுமினியத்திலும் காபனிலும் இதை நினைக்கவும் கூடாது. ஆனால் விரிக்கும்போது ஒரு பக்கம் மாத்திரம் வளைந்துவிட்டால் பின்சில்லு முன்சில்லின் தடத்திலே வராது. அதைச் சோதிக்க யந்திரம் வேண்டாம், ஒரு நூல் போதும். பின்கவட்டின் ஒரு முனையில் நூலைக் கட்டி, முன்னே கழுத்துக்குழாயைச் சுற்றி, மறுமுனைக்குக் கொண்டுவந்து இறுக்குங்கள். இருக்கைக் குழாயிலிருந்து இரு பக்க நூலுக்கும் உள்ள தூரம் சமமாயிருந்தால் பிறேம் நேர். என்னுடையதில் மூன்று மி.மீ. வித்தியாசம் இருந்தது. சரிப்படுத்த ஒரு பிற்பகல் சென்றது.

இந்தப் பிறேமின் குறையையும் மறைக்கமாட்டேன். வீதிச் சைக்கிளின் கழுத்துக்குழாய் ஏறக்குறைய 67 பாகையில் சாய்ந்தது. ஓட்டத்தளப் பிறேமினுடையது 74, 75 பாகையில் நிமிர்ந்தது. அதனால் நம்முடையது மாட்டுவண்டிபோல நிதானமாகத் திரும்பும். மரத்தளத்தின் சரிவான வளைவில் அது பெருங்குறை. புற்றரையின் மேடுபள்ளத்தில் அந்த நிதானம் சில வேளை உபகாரமாகவே இருக்கிறது. கிறாங்க் விஷயத்தில் நமக்கு எதிர்பாராத அதிர்ஷ்டம் உண்டு. தளப் பந்தயக்காரர் பலர் விரும்பும் நீளம் 165 மி.மீ.; பழைய சைக்கிள்கள் பலவற்றில் வரும் ஆறரை அங்குலக் கிறாங்கும் அதே 165 தான். வளைவிலே சாய்ந்து போகும்போதும் பெடல் சுழன்றபடியே இருப்பதனால், கிறாங்க் நீண்டால் பெடல் நிலத்தை வெட்டும்.

இனி வாலிபர்கள் எல்லாரும் ஆவலோடு கேட்கும் கேள்வி: எத்தனை பல்லு? பெரிய பற்சில்லுப் போட்டால் வேகம் என்ற ஒரு நம்பிக்கை நமது மைதானங்களில் வேரூன்றியிருக்கிறது. கணக்குப் பார்ப்போம். 28 அங்குலச் சில்லு ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.23 மீற்றர் செல்லும். முன்னே 44, பின்னே 18 பல்லுள்ள சாதாரண சைக்கிளில் பெடல் ஒரு சுற்றுக்கு 5.46 மீற்றர். முன்னே 48, பின்னே 18 ஆனால் 5.96. முன்னே 48, பின்னே 16 ஆனால் 6.70. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் ஓட, முதலாவதில் நிமிஷத்துக்கு 110 சுற்று மிதிக்கவேண்டும், இரண்டாவதில் 101, மூன்றாவதில் 90.

மூன்றாவதே சுலபமென்று தோன்றும். ஆனால் நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது அதே 6.70 மீற்றரை ஒவ்வொரு மிதியிலும் தூக்கவேண்டும். அதுவும் மரப்பலகையிலன்று, சில்லைப் பிடித்திழுக்கும் புல்லிலே. எங்கள் மைதானத்தில் 48க்கு 16 போட்டு வந்த பையன்கள் முதல் வளைவிலேயே பின்தங்கி, அதைப் பிடிப்பதற்குள் இரண்டு சுற்றுப் பந்தயம் முடிந்துபோவதைப் பலமுறை கண்டேன். 1972 ஒக்ரோபரில் மெக்சிக்கோ நகரில் ஒரு மணித்தியாலத்தில் 49.431 கிலோமீற்றர் ஓடிய எடி மேர்க்ஸ் முன்னே 52, பின்னே 14 வைத்திருந்தார். அவர் ஓடியது உயர்ந்த மலைநாட்டின் மெல்லிய காற்றில், சீரான தளத்தில். அதற்கும் மேலாக, அவர் மேர்க்ஸ். புற்றரைக்கு 48க்கு 18 அல்லது 46க்கு 17 என்பதே நான் பரீட்சித்துக் கண்ட அளவு. மழைக்குப் பின் பின்பக்கம் இன்னும் ஒரு பல்லுக் கூட்டலாம். நிலையான பற்சில்லு இரண்டு வைத்திருப்பது வெளிநாட்டுக் காபன் ஹாண்டில் ஒன்று வைத்திருப்பதிலும் மேல்.

காபனென்றதும் பாரத்தைப்பற்றிச் சொல்லவேண்டும். சைக்கிளை இரண்டு கிலோ குறைக்க எத்தனை ஆயிரமும் செலவழிக்கத் தயாராயிருக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. சில்லின் ஓரத்திலே குறைக்கும் பாரம் புறப்படும்போது இருமடங்காகக் கணக்கில் வரும் என்பது பௌதிகம், உண்மைதான். றிம்மிலும் ரயரிலும் 300 கிராம் குறைத்தால் பிறேமில் 600 கிராம் குறைத்ததற்குச் சமன். ஆனால் ஓடுகிறவனும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ. அந்த 600 கிராம் நூற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை! வேகம் ஏறியபிறகு நம்மைத் தடுப்பது பாரமன்று, காற்று. நிமிர்ந்திருந்து ஓடுகிறவன் முதுகை வளைத்து முழங்கையை மடக்கப் பழகினால், காசில்லாமல் அதைவிட எத்தனையோ மடங்கு பெறுகிறான்.

ஸ்கொத்லாந்துக்காரரான கிரேம் ஓப்ரியின் கதையை இங்கே சொல்லவேண்டும். அவர் தம் சைக்கிளைத் தாமே செய்தவர். கால்கள் நெருங்கி மிதிக்கவேண்டுமென்று அடிப்பகுதியை ஒடுக்கி, அதிலே சலவை யந்திரத்திலிருந்து கழற்றிய போதிகைகளைப் பூட்டினார். 1993 ஆம் ஆண்டு யூலையில் நோர்வேயின் ஹாமார் நகரில் ஒரு மணித்தியாலச் சாதனையை முறியடிக்க முயன்றபோது, முதல்நாள் அதேபோலப் புதிதாகச் செய்த வேறொரு சைக்கிளில் ஓடித் தோற்றார். மறுநாட் காலை தமது பழைய சைக்கிளிலேயே ஏறி 51.596 கிலோமீற்றர் ஓடிச் சாதனையைப் பெற்றார். ஆறு நாளில் கிறிஸ் போர்ட்மன் அதை முறியடித்தார் என்பது வேறு விஷயம்.

மறுபுறத்தையும் பாருங்கள். 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், அவுஸ்திரேலியக் குழுவைச் சேர்ந்த ஒருவரின் ஹாண்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே முறிந்தது. அவர் முகங்குப்புற விழுந்தார். உலகத்திலே மிகச் சிறந்த பாகங்கள் கிடைக்கும் குழு அது. அதே யப்பான் தேசத்திலோ, 1948 இல் கொக்குராவில் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில், பிறேமிலிருந்து கம்பிவரை அங்கீகார முத்திரை பெற்ற பாகத்தையே பூட்டலாமென்று விதித்தார்கள். சாதாரண உருக்குப் பிறேம், 36 கம்பிச் சில்லு, தனித்தனிக் குண்டுபோட்ட ஹப். மக்கள் பணங்கட்டும் பந்தயமாதலால், ஒருவன் பாகத்தால் வென்றான் என்ற பேச்சு வரக்கூடாது, பாகம் முறிந்து ஒருவன் விழவும் கூடாது என்பது நோக்கம். நமது சங்கம் நடத்தும் போட்டிக்கு இதுபோல ஒரு விதி செய்தாலென்ன என்று செயற்குழுவை இச்சந்தர்ப்பத்தில் கேட்டுக்கொள்கிறேன். வெளிநாட்டிலிருந்து மாமன் அனுப்பிய சைக்கிளோடு வருகிறவனும், தகப்பன் மரக்கறி ஏற்றும் சைக்கிளோடு வருகிறவனும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். இருவருக்கும் தனித்தனிப் பிரிவு வைக்கலாம். போட்டிக்கு முன் லொக் றிங்கையும் செயினையும் ஒருவர் தொட்டுப் பார்க்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கிச் சொல்லுகிறேன். ரயரைக் கல்லாகக் காற்றடிப்பது புற்றரைக்கு ஆகாது. சற்று அகன்ற ரயரில் சற்றுக் குறைந்த காற்று, மேட்டிலே துள்ளாமல் உருளும். செயின், அரை அங்குலத்துக்கு எட்டில் ஒரு அங்குலம் என்ற பருத்த வகையே நல்லது. அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள்: புதிய செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். பதினாறில் ஒரு அங்குலம் கூடினால் மாற்றவேண்டும். எட்டில் ஒன்று கூடும்வரை வைத்திருந்தால் பற்சில்லும் கெட்டிருக்கும். முன் பற்சில்லும் பின் பற்சில்லும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். பிறீவீல் இல்லாத சைக்கிளில் செயின் கழருவது என்னவென்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன். பெடலின் தோல்வாரைப் புதிதாகப் பழகுகிறவர்கள் இறுக்கக்கூடாது.

பிறேக்கைப்பற்றிச் சொல்லுவேனென்று சொன்னேன். மைதானத்துக்குள் பிறேக் வேண்டாம்; மைதானத்துக்கு எப்படிப் போகிறோம்? ஏ-9 வீதியால் போகிறோம். பஸ்ஸும் லொறியும் பறக்கும் அவ்வீதியிலே, காலால் நிறுத்தலாமென்று நம்பி இரவு வேளையில் விளக்குமில்லாமல் வருகிற பையன்களை நான் கண்டிருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் நானும் அவர்களில் ஒருவனாயிருந்தேன். முன் பிறேக் ஒன்று முந்நூறு கிராமும் வராது. இரண்டு ஆணியில் பூட்டிக் கழற்றலாம். வாசலிலே கழற்றிப் பையில் போட்டு ஓடுங்கள். ஓடி முடிந்ததும் பூட்டிக்கொண்டு வீதிக்கு வாருங்கள்.

தம்பியின் எலும்பு பொருந்திவிட்டது. புதிய ஹப் பூட்டிய சைக்கிளிலே ஏறமாட்டானென்று நினைத்தேன். அவன் முதலில் சில்லைத் தூக்கிச் சுழற்றிவிட்டு, பெடலைக் கையால் எதிர்த்துப் பிடித்து, றிங் அசைகிறதா என்று பார்த்தான். பிறகு ஒரு தரம். பிறகு இன்னொரு தரம். “அண்ணா, இது எந்தப் பக்க மரை?” என்று கேட்டான். சொன்னேன். ஏறிப்போனான். அந்தச் சைக்கிள் இப்போது மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தோடு நிற்கிறது. கூட்டம் முடிந்ததும் பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். நூலும் அடிமட்டமும் கொண்டுவந்திருக்கிறேன். தங்கள் சைக்கிள்களை அளந்துபார்க்க விரும்புகிறவர்களும் வரலாம்.